எண்ணெய் காயக் கூடாது: தைபெயில் ஒரு காலை, திருச்சியில் ஆறு ஞாயிறு

தம்பி தைவானில் ஷின்சு என்ற ஊரில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறான். டிசம்பரில் இரண்டு வாரம் அவனிடம் போயிருந்தேன். எங்கெங்கே போகலாம் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான்: மலை, ஏரி, கோயில், இரவுச் சந்தை. அதில் நான் சேர்த்தது ஒன்றே ஒன்று, தைபெயில் ஒரு நாள் காலை சமையல் வகுப்பு. "இங்க வந்துமா அடுப்படி, அக்கா?" என்று கேட்டான். இங்கே வந்தால்தானே இந்த ஊர் அடுப்பைப் பார்க்க முடியும் என்றேன்.

வகுப்பில் செய்தது எல்லாம் நன்றாக வந்தது. ஆசிரியை பக்கத்திலேயே நின்று, தப்பு நடக்கும் முன்பே கையைப் பிடித்துத் திருத்தினார், அதனால் வந்தது. திருச்சிக்குத் திரும்பி என் வீட்டு அடுப்பில் செய்தபோது ஒன்றும் அமையவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்து, எது எங்கே தவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அந்தக் கணக்கு இது. அதே பண்டங்களை நம் சமையலறையில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை பதிந்தேன். திங்கள் வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தான். தைபெயின் பழைய சந்தைகளில் பெரும்பாலானவைக்குத் திங்கள் விடுமுறை, அன்றைக்கு வகுப்பு நடந்தாலும் சந்தைக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். கட்டணம் 2,000 தைவான் டாலருக்குக் கொஞ்சம் மேல், நம் பணத்துக்கு 6,000 ரூபாய்க்குப் பக்கம். ஷின்சுவிலிருந்து அதிவேக ரயிலில் 35 நிமிடத்தில் தைபெய். அங்கிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் தோங்மென். வெளியே வந்தால் தூறல். டிசம்பரில் தைபெய் அப்படித்தான் இருக்கும், குடையில்லாமல் போகாதீர்கள்.

ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை 'லாவ்ஷி' என்று கூப்பிட்டோம், ஆசிரியர் என்று பொருள். தோங்மென் சந்தைக்குள் நுழைந்ததும் காய்கறிக்கடை அம்மா ஒருவர் அவரைப் பார்த்து "ஜியா பா புவே?" என்றார். தைவானிய மொழியில் 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தமாம். பழைய ஆட்கள் வணக்கத்துக்குப் பதில் இதைத்தான் கேட்பார்கள் என்று லாவ்ஷி விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கே கிலோ கணக்கு இல்லை. 'ஜின்' என்று ஓர் அளவு, 600 கிராம். ஒரு ஜின்னுக்கு 16 லியாங். ஒரு லியாங் 37.5 கிராம், நம் பழைய பலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். பாட்டி 'ரெண்டு பலம் புளி' என்று சொல்லிக் கேட்ட காதுக்கு இது பழகிய கணக்காக இருந்தது. இஞ்சியிலும் வயது பார்க்கிறார்கள். இளசு ஊறுகாய்க்கு, முற்றியது எண்ணெயில் வதக்க. முற்றின இஞ்சி, பூண்டு, கோழி எல்லாம் வாங்கி முடித்துக் கிளம்பும்போது அந்தக் கடை அம்மா ஒரு பிடி வெங்காயத்தாளை எடுத்துப் பையில் செருகினார். காசு வாங்கவில்லை. தைவான் சந்தைகளில் வெங்காயத்தாள்தான் கொசுறு. நம் ஊரில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் எப்படியோ அப்படி. யீலான் மாவட்டத்துச் சான்ஷிங் என்ற ஊரின் வெங்காயத்தாளுக்குத் தனிப் பேர் உண்டு, வெள்ளைத் தண்டு நீளமாக இருக்கும். அதை மட்டும் கொசுறாகத் தர மாட்டார்கள், விலை அதிகம் என்றார் லாவ்ஷி.

சமையலறையில் எட்டு பேர், நான்கு அடுப்பு. முதல் பாடம் ஷியாவ்லோங்பாவ். உள்ளே சூப்போடு இருக்கும் ஆவிக் கொழுக்கட்டை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். பிறந்த ஊர் ஷாங்காய் பக்கத்து நான்ஷியாங், தைவானுக்குப் பின்னால் வந்தது. ஆனால் உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனது தைபெய். எங்கள் வகுப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் ஷின்யி சாலையில்தான் தின் தாய் ஃபுங் கடை தொடங்கியது. 1958இல் அது எண்ணெய்க் கடை. டப்பாவில் அடைத்த எண்ணெய் வந்து சில்லறை வியாபாரம் படுத்தபோது, 1972இல் கடையின் ஒரு பாதியில் ஷியாவ்லோங்பாவ் விற்க ஆரம்பித்தார்கள். மேல்மாவு 5 கிராம், பூரணம் 16 கிராம், மடிப்பு 18 என்பது அவர்கள் கணக்கு. லாவ்ஷி எங்களுக்கு அவ்வளவு கறார் வைக்கவில்லை. மாவு 10 கிராம், பூரணம் 20, மடிப்பு எத்தனை வந்தாலும் சரி, வாய் மூடினால் போதும்.

சூப் எப்படி உள்ளே போகிறது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஊசி போட்டு ஏற்றுவதில்லை. பன்றித்தோலை மணிக்கணக்கில் வேகவைத்து அந்தச் சாற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லியாக உறையும். ஆட்டுக்கால் சூப் ஃப்ரிட்ஜில் கட்டியாகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். அதைப் பொடியாக நறுக்கிக் கொத்துக்கறியில் கலந்து மடித்துவிட்டால், ஆவியில் வேகும்போது உருகிச் சூப்பாகிவிடும். கொத்துக்கறியை முதலில் இஞ்சியும் வெங்காயத்தாளும் ஊறிய தண்ணீர் விட்டு ஒரே திசையில் அடிக்க வேண்டும், நார் நாராக ஒட்டும் வரை. ஜெல்லி கடைசியில், கிண்ணம் ஜில்லென்று இருக்கும்போது.

மாவுக்கு 200 கிராம் மைதா மாதிரியான மாவு, 100 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அரை மணி நேரம் மூடி வைத்தோம். அப்புறம் கயிறு போல உருட்டித் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இங்கேதான் என் கைக்கு முதல் தகராறு. பூரிக்கட்டையை மாவின் மேல் குறுக்கே வைத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓட்டித்தான் எனக்குப் பழக்கம். பூரி எங்கும் ஒரே கனமாக இருந்தால்தான் உப்பும். லாவ்ஷி என் கட்டையை நடுவழியில் நிறுத்தினார். அவர் கட்டை சின்னது, கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம். வலது உள்ளங்கையால் கட்டையைக் கரையிலிருந்து நடு வரைக்கும் மட்டும் உருட்டுகிறார், பின்வாங்குகிறார். பின்வாங்கும் அந்த நொடியில் இடது கை மாவைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. மறுபடி உருட்டல், மறுபடி திருப்பல். கட்டை ஒருமுறைகூட நடுவைத் தாண்டுவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்: ஓரம் முழுக்க விரல் நிழல் தெரியும் மெல்லிசு, நடுவில் காலணா அளவுக்குக் கனமான ஒரு பொட்டு. எட்டு சென்டிமீட்டர் வட்டம். மடித்த பிறகு ஓரமெல்லாம் மேலே ஒன்றுகூடித் தடித்துவிடும், எடையும் சூப்பும் அடியில் நிற்கும், அதற்காகத்தான் அந்தப் பொட்டு. பத்தாவது வட்டத்துக்குத்தான் என் கை அதை ஒப்புக்கொண்டது.

மடிப்பில் கொழுக்கட்டைக்காரிக்குக் கொஞ்சம் வசதி உண்டு. இடது உள்ளங்கையைக் குழித்து வட்டத்தை ஏந்துவதும், இடது கட்டைவிரலால் பூரணத்தை அமுக்கிக்கொண்டே திருப்புவதும் சொப்பு செய்த கைக்குத் தானாக வந்தன. வலது கட்டைவிரல் உள்ளே ஊன்றி நிற்க வேண்டும், ஆள்காட்டி விரல் மாவைக் கொசுவிக் கொசுவி அதன் மேல் அடுக்க வேண்டும். புடவைக்குக் கொசுவம் வைப்பது போல. பதினொரு மடிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற கனடாக்காரப் பெண் என் கையைப் பார்த்துச் செய்தாள்.

மூங்கில் தட்டில் எட்டு நிமிடம் ஆவி. கரண்டியில் வைத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சூப்பை உறிஞ்சி, பிறகு இஞ்சிச் சீவலோடும் வினிகரோடும் மீதி. அவசரப்பட்டால் நாக்கு வெந்துபோகும்.

அடுத்தது சான்பேய்ஜி, 'மூன்று கோப்பைக் கோழி'. இந்த ஒரு பண்டத்துக்காகவே நான் வகுப்புக்குப் போனேன் என்று சொல்லலாம். ஒரு கோப்பை எள்ளெண்ணெய், ஒரு கோப்பை சோயா சாஸ், ஒரு கோப்பை அரிசி மது. பெயர்தான் அப்படி. அந்த அளவில் ஊற்றினால் யாராலும் சாப்பிட முடியாது. சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்துப் பண்டம் இது. அங்கே பன்றிக்கொழுப்பில் செய்வார்கள். தைவானுக்கு வந்ததும் கொழுப்பு போய்க் கறுப்பு எள்ளெண்ணெய் வந்தது, கடைசியில் ஒரு பிடி துளசியினத்துக் கீரையும் சேர்ந்தது. லாவ்ஷியின் அளவு: ஒரு ஜின், அதாவது 600 கிராம் எலும்போடு வெட்டிய கோழிக்கு எண்ணெயும் சோயா சாஸும் மும்மூன்று மேசைக்கரண்டி, மது நான்கு, கற்கண்டு ஒன்று, முற்றின இஞ்சி பதினைந்து வில்லை தோலோடு, முழுப் பூண்டு ஒரு டஜன் பல், காய்ந்த மிளகாய் இரண்டு.

அடுப்பைப் பற்றவைத்தேன். வாணலி காய்ந்தது. எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் காயட்டும் என்று கையில் இஞ்சியை வைத்துக்கொண்டு நின்றேன். லாவ்ஷி வேகமாக வந்து அடுப்பை அணைத்தார். வாணலியை ஈரத்துணி மேல் வைத்து ஆறவிட்டு, எண்ணெயை மாற்றி, ஆறின எண்ணெயிலேயே இஞ்சியைப் போடச் சொன்னார். பிறகு பொட்டு நெருப்பு. வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய் ஏற்கெனவே ஒருமுறை நெருப்பைப் பார்த்துவிட்டது, இன்னொரு முறை நன்றாகக் காய்ந்தால் கசந்துவிடும் என்றார். இருபது வருடமாகக் கடுகு வெடிக்கக் காத்திருந்து பழகின எனக்கு அந்த ஏழெட்டு நிமிடம் நெடுநேரமாகத் தெரிந்தது. சத்தமே இல்லை. இஞ்சியைச் சுற்றிச் சின்னச் சின்ன நுரை. மெல்ல மெல்ல வில்லைகளின் ஓரம் சுருண்டு, கரை பழுப்பாகி, சமையலறை முழுக்க ஒரு மணம் எழுந்தது. ஓரம் சுருளுவதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை. அதன் பிறகுதான் பூண்டு, பிறகு தீயைக் கூட்டிக் கோழி. கோழி சிவந்ததும் கற்கண்டு, சோயா சாஸ், மது. மூடி போட்டுப் பதினைந்து நிமிடம். மூடியை எடுத்துத் தண்ணீர் சுண்டி மினுமினுக்கும் வரை கிளறல். கீரையைப் போட்டு மூடி, அப்போதே அடுப்பை அணைக்க வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம் வெந்தாலும் இலை கறுத்துவிடும்.

அந்தக் கீரையின் பெயர் ஜியூசெங்தா, 'ஒன்பது அடுக்குக் கோபுரம்'. பூங்கொத்து அடுக்கடுக்காக நிற்பதால் அப்படிப் பெயராம். நான் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். நம் திருநீற்றுப்பச்சிலை. கிராம்பு வாடை கொஞ்சம் தூக்கல், ஆனால் அதே இனம்.

இதே எண்ணெய், இஞ்சி, மது, கோழி நான்கையும் சோயா சாஸ் இல்லாமல் சாறாகக் காய்ச்சினால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் எள்ளெண்ணெய்க் கோழி. ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல், காற்றுப் படாமல் அதைக் குடிக்க வேண்டும் என்று லாவ்ஷி சொன்னபோது நான் பூண்டுக் குழம்பையும் நல்லெண்ணெயையும் பற்றிச் சொன்னேன். எங்கள் இருவரின் அம்மாக்களும் ஒரே பத்தியத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். மாட்டிறைச்சி நூடுல்ஸ் ஏன் சொல்லித்தரவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, தன் பாட்டி கடைசி வரை மாட்டிறைச்சி தொட்டதில்லை, உழவு மாடு வீட்டு ஆள் மாதிரி என்பார் என்று பதில் சொன்னார். அந்தத் தலைமுறை விவசாயக் குடும்பங்களில் அது பரவலான வழக்கம்.

முத்துத் தேநீரை, அதாவது 'பபிள் டீ'யை, கடைசியில் அவசரமாகச் செய்தோம். அதில் போடும் முத்து, மரவள்ளி மாவில் கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றிப் பிசைந்து சீடை போல உருட்டி வேகவைப்பது. கடித்தால் துள்ளிக்கொண்டு எதிர்க்கும் அந்தப் பதத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'கியூ'. ரொம்ப நன்றாக இருந்தால் 'கியூ கியூ'. நுங்கின் இளம்பதத்துக்கு நம்மிடம் இப்படி ஒரு சின்னச் சொல் இல்லையே என்று தோன்றியது.

ஊருக்குக் கிளம்புமுன் இரண்டு சாமான் வாங்கினேன். ஒன்று எண்ணெய். கடையில் இரண்டு விதம் இருக்கும், கவனித்து வாங்குங்கள். 'ஷியாங்யோவ்' என்பது வெள்ளை எள்ளில் எடுத்தது, இறக்கிய பின் ஒரு சொட்டு விட. 'ஹெய் மாயோவ்' என்பது கறுப்பு எள்ளை வறுத்து எடுத்தது, காப்பி நிறம். சமைக்க அதுதான் வேண்டும். இன்னொன்று 'மிஜியூ' என்ற அரிசி மது, சிவப்புச் சீட்டு ஒட்டியது, 600 மில்லி, 19.5 சதவீதம். சமையலறைக்கென்றே உப்புப் போட்டு விற்பதும் உண்டு, அதை வாங்கினால் சோயா சாஸைக் குறைக்க வேண்டும். 2002இல் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது இந்த மதுவின் மேல் வரி பல மடங்கு ஏறியது. அப்போது தன் அம்மா கட்டிலுக்கடியில் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார் என்று லாவ்ஷி சொன்னார். பிறகு வரியைக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். பாட்டிலைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் போட்டேன்.

இனி திருச்சி.

முதல் ஞாயிறு மூன்று கோப்பைக் கோழி. கசந்தது. எண்ணெயைக் காயவிடவில்லை, குறைந்த தீதான் வைத்தேன், இருந்தும் கசந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. எங்கள் வீட்டு இரும்பு வாணலியைக் கழுவியதும் ஈரம் போகத் தீயில் காட்டுவது வழக்கம். அப்படிக் காட்டிய வாணலியில்தான் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இரும்பு அத்தனை சூட்டையும் வைத்துக்கொண்டிருந்தது. தீ குறைவு, வாணலி குறைவில்லை.

இரண்டாம் ஞாயிறு வாணலியைத் துணியால் துடைத்து, ஆறின வாணலி, ஆறின எண்ணெய், இஞ்சி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். கசப்பு போயிற்று. ஆனால் கோழி சிவக்கவே இல்லை, தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்தது. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசி அப்படியே சட்டியில் போடுவது குழம்புக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. இப்போது அலசியதும் வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு தடவையாகப் பிரித்து வதக்குகிறேன். கறிக்கடையில் குழம்புத் துண்டைவிடப் பெரிதாக வெட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு எண்ணெய்ச் சோதனை. கொண்டுவந்த பாட்டில் எத்தனை நாள் வரும்? நல்லெண்ணெயில் செய்தால் என்ன என்று அம்மா கேட்டார். செய்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறு பண்டம். நம் செக்கில் எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம், கருப்பட்டியும் சேர்க்கிறோம். மணம் மென்மை. அங்கே மணமே வறுப்பில்தான் இருக்கிறது. அதனால் இப்படிச் செய்தேன்: 100 கிராம் கறுப்பு எள்ளைச் சிறு தீயில் வறுத்து, ஆறவைத்து, மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றி, 250 மில்லி நல்லெண்ணெயில் போட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டுத் துணியில் வடிகட்டினேன். கறுப்பு எள் எந்தப் பதத்துக்கு வறுபட்டது என்று நிறத்தில் தெரியாது. ஒரு ஸ்பூன் வெள்ளை எள் கலந்து வறுத்தால் அது நமக்குக் காட்டிக் கொடுக்கும். வெள்ளை எள் தேன் நிறத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். தைவான் எண்ணெயின் ஆழம் இதில் வராது, ஆனால் அந்தப் பக்கத்து மணம் வந்துவிடுகிறது. இதைச் சாப்பிட்ட அம்மா, "பத்தியக் கோழி மாதிரி இருக்கேடி" என்றார். லாவ்ஷி சொன்னதை நான் அம்மாவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

திருநீற்றுப்பச்சிலைக்கு நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை வாங்கித் தொட்டியில் தூவியிருந்தேன். சர்பத்தில் போடும் அதே விதைதான். நாலைந்து நாளில் முளைத்தது, ஐந்தாறு வாரத்தில் கிள்ளும் அளவுக்கு இலை விட்டது. அதுவரை பூக்காரம்மாதான் தந்தார்.

நான்காம் ஞாயிறு ஷியாவ்லோங்பாவ். எங்கள் வீட்டில் பன்றி வாங்குவதில்லை. அதனால் ஜெல்லிக்குக் கோழிப் பாதம் அரை கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டரை மணி நேரம் சிறு தீ, 400 மில்லியாகச் சுண்டும் வரை. ஃப்ரிட்ஜில் அழகாக உறைந்தது. தொடைக்கறியைக் கொத்திக் கலந்து மடிக்க உட்கார்ந்தேன். நான்காவது உருண்டைக்குள் பூரணம் நீர்த்துவிட்டது. டிசம்பர் தைபெயின் குளிரில் மேசை மேல் கட்டியாகவே இருந்த ஜெல்லி, பிப்ரவரித் திருச்சியின் பகல் சூட்டில் பத்து நிமிடம் தாங்கவில்லை. அது போதாதென்று மடிப்புகளின் வாய் ஒட்டவே மறுத்தது. மாவைப் பிசைந்து மூடி வைக்கும்போது பரோட்டாவுக்குச் செய்வது போல மேலே எண்ணெய் தடவியிருந்தேன். எண்ணெய் பட்ட மாவு மாவோடு ஒட்டாது. பதினாறில் ஒன்றுகூடச் சூப்போடு தேறவில்லை. எல்லாவற்றையும் தட்டித் தோசைக்கல்லில் சுட்டுச் சாப்பிட்டோம்.

ஐந்தாம் ஞாயிறு மாவுக்கு எண்ணெய் இல்லை, ஈரத்துணி மட்டும். ஜெல்லியை நறுக்கி ஃப்ரீசரில் வைத்து, காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், பூரணக் கிண்ணத்தை ஐஸ் தட்டின் மேல் வைத்துக்கொண்டு நான்கு நான்காக மடித்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்தேன். மடிப்பு நின்றது. ஆனால் இட்லிப் பானை புதுப் பிரச்சினையைக் கொண்டுவந்தது. அலுமினிய மூடியில் முத்து முத்தாகச் சேர்ந்த தண்ணீர் நேராக மடிப்புகளின் மேல் சொட்டி மாவைக் கரைத்தது. மூங்கில் மூடி ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மூங்கில் ஆவியைக் குடித்துக்கொள்ளும், சொட்டாது. அடியில் விரித்த இட்லித் துணியும் கைவிட்டது. இட்லியை எடுக்கப் பின்பக்கம் தண்ணீர் தெளிப்போமே, அது இந்த மெல்லிய மாவிடம் பலிக்கவில்லை. அடி துணியோடு நின்றுகொள்ள, சூப்பெல்லாம் பானைக்குள் போயிற்று.

நடுவில் ஒரு வார நாளில் தேநீர் முத்துக்கும் கை வைத்தேன். கடை ஜவ்வரிசியில் அது வராது, மரவள்ளி மாவேதான் வேண்டும். பாகு கொதிப்பு அடங்கின பிறகு ஊற்றினால் மாவு பிசைய வராமல் கையில் வழிகிறது. அடுப்பிலேயே, தளதளவென்று கொதிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மாவைக் கொட்டிக் கிளறி, இறக்கி, மீதி மாவைச் சேர்த்தால் உருட்ட வருகிறது. இடியாப்ப மாவுக்கு வெந்நீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு. அரை மணி நேரம் வேகவைத்து, அதே நீரில் அரை மணி நேரம் மூடி வைத்தால் கியூ.

ஆறாம் ஞாயிறு மூடியைச் சன்னமான துண்டால் சுற்றி மேலே முடிச்சுப் போட்டேன். துணிக்குப் பதில் வாழையிலைத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் விரல் நுனி அளவு எண்ணெய். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி முகத்தில் அடிக்கும்போதுதான் தட்டை உள்ளே வைத்தேன். எட்டு நிமிடம். மூடியைத் திறந்தபோது பதினாறும் லேசாகச் சப்பி, அடி கனத்து உட்கார்ந்திருந்தன. அப்படிச் சப்பினால் உள்ளே சூப் இருக்கிறது என்று அர்த்தம். இலையோடு தூக்கி அம்மாவின் கரண்டியில் முதலாவதை வைத்து, எப்படிக் கடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஓரத்தைக் கடித்து, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டார். பதினாறில் பதினொன்று உடையாமல் தட்டுக்கு வந்தன. மடிப்பு பதினான்கு வரை எட்டியிருக்கிறது.

தட்டின் படத்தைத் தம்பி மூலமாக லாவ்ஷிக்கு அனுப்பினேன். வாழையிலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். உடைந்த ஐந்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உடைப்பு எல்லாமே அடியில் இருக்கிறது, கட்டை இன்னும் நடுவைத் தாண்டுகிறது, பொட்டு போதவில்லை என்று சொல்லச் சொன்னாராம். தேய்த்த வட்டம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நடுவிலும் என் விரல் நிழல் தெரிகிறது. தச்சரிடம் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டைவிரல் தடிமனில் சின்னக் கட்டை ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். கோழிக்கடையில் பாதம் அரை கிலோவுக்குச் சொல்லி வைத்தாயிற்று.